உரமூட்டையும் லண்டன் படிப்பும்

காலை ஏழரை மணி, உரமூட்டை நானூற்றுப் பன்னிரண்டு, எண்ண வந்தவள் பெயர் மாலினி: கணக்காய்வுத் தொழிலில் என் முதல் நாள் இவ்வளவுதான். கணக்காளர் என்றால் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கோடிகளைக் கூட்டுகிறவர் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். வலிக்கிற இடத்தில் தலையாட்டிக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டுகிறார். கணக்கியலில் டிப்ளோமா முடித்ததும் சிரம்பானில், இருட்டான மாடிப்படி ஒன்றின் உச்சியில் இருந்த கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்தேன். டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கணக்காளர் ஆகிவிட முடியாது. அதற்கு மேல் ஒரு தொழில்முறைப் படிப்பை முடித்து, பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கணக்கின் அடியில் கையெழுத்துப் போடுகிற தகுதிக்குப் பக்கத்திலாவது போகலாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த எழுத்துகள்தான். வேலை அதற்கு ஒரு வழி.

மூட்டைக்குள் ஒரு வீடு

ஆண்டு முடிவில் தோட்டத்து ஸ்டோரில் கிடக்கும் சரக்கைக் கணக்காய்வாளர் நேரில் போய் எண்ண வேண்டும். தம்பின் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவரை முதலில் ஆபீஸில் உட்காரவைத்து ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸும் தே தாரிக் தேநீரும் கொடுப்பார்கள். இரண்டாவது கிளாஸ் வரும்போது கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி தன் பதிவைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்வார். வந்தவர் எழுதிக்கொள்வார். எண்ணி முடிந்தது. என்னோடு வந்த குமரன் அண்ணன் எங்கள் அலுவலகத்தில் மூத்தவர். நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு மூன்றாவது கிளாஸுக்குப் போய்விட்டார்.

எனக்கு முதல் நாள். கடமை உணர்ச்சி புதிதாக இருந்தது. பாஜு குரோங் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுக்கின் மேல் ஏறினேன். உச்சியில் அடுத்த அடி வைத்த இடத்தில் மூட்டை இல்லை. நேராக உள்ளே விழுந்தேன். நான்கு பக்கமும் மூட்டைச் சுவர், நடுவில் ஒரு சின்ன அறை. அதில் தலையணை, பேட்டரி விசிறி, ஒரு டப்பா முறுக்கு, மடக்கு நாற்காலி. நாற்காலியில் ஸ்டோர்காரர் மாரிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தவர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எண்ண வந்தா வெளிய நின்னு எண்ணணும் லா, தங்கச்சி. வீட்டுக்குள்ள எல்லாம் வரக்கூடாது."

எந்த லண்டன்?

அந்த அறை எங்கள் அறிக்கையில் 'காற்றோட்டத்துக்கான இடைவெளி' ஆனது. நானூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருந்தது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி சிவப்பிரகாசம். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர். அப்பா அரசாங்கத்தில் கிளார்க். இவர் லண்டன் போய்க் கணக்காளராகித் திரும்பியவர். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் கசங்கிய சட்டையை யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தத் தேவையும் வராது.

நான் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் வந்தது. லண்டன் படிப்புகள் இரண்டு இருந்தன. முதலாவது எல்லோரும் எழுதுவது. எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் அந்த அனுபவம் சேர்ந்துவிடும். குமரன் அண்ணன் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான். இரண்டாவதை எழுதுகிறவர்கள் குறைவு, மதிப்பு அதிகம். பரீட்சையோடு மூன்று வருடப் பயிற்சியும் வேண்டும். முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது இந்த இரண்டாவது. அந்தச் சான்றிதழ் தொங்கும் இடத்தில் வேலை பார்ப்பது பயிற்சி இல்லையென்றால் வேறு எதுதான் பயிற்சி? நீங்களும் இப்படித்தான் யோசித்திருப்பீர்கள். முதலாளியிடம் சொன்னேன். நாற்காலியைத் திருப்பித் தன் சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்ல தெரிவு, பிள்ளை" என்றார்.

தோட்டத்திலும் சொல்லியாக வேண்டும். எங்கள் கோயில் தலைவர் வீராசாமி மாமா மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலில் ஆட்களை விரட்டிப் பழகிய குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒட்டுக்கடையில் அப்பாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் இரண்டு படிப்பின் பெயரையும் சொல்லச்சொல்லிக் கேட்டார். இரண்டும் லண்டன்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"எதையாச்சும் படி. ஆனா கல்யாணக் கார்டுல ஒரே வரியில அடங்குற மாதிரி பாத்துப் படி."

டுரியானும் ஒழுக்கநெறியும்

கணக்காளர் பரீட்சையில் ஒழுக்கநெறி பற்றி ஒரு தாள் உண்டு. குமரன் அண்ணன் மற்ற எல்லாத் தாளையும் தாண்டிவிட்டு அதில் மட்டும் வருடக்கணக்கில் நின்றுகொண்டிருந்தார். இத்தனைக்கும் நான் பார்த்தவரையில் நல்ல மனிதர். மம்பாவில் அவர் வீட்டில் பாதி அறை அந்தத் தாளுக்கான புத்தகங்கள். ஒவ்வொரு தடவையும் புதுப் பதிப்பு வாங்குவார். ஒழுக்கம் வருடா வருடம் மாறுகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு டுரியான் பருவத்தில் லிங்கிப் பக்கம் கணக்குப் பார்க்கப் போனோம். வேலை முடிந்து கிளம்பும்போது காரின் பின்பெட்டி நிறையப் பழம். மேனேஜரின் வேலை. வேண்டாமென்றால் அவர் முகம் வாடிவிடும். அப்புறம் கேட்கிற கோப்பு எதுவும் கிடைக்காது. வாங்கிக்கொண்டோம். மறுநாள் அண்ணனுக்கு அந்தத் தாள். அதே காரில், அதே வாசனையோடு பரீட்சைக்குப் போனார். வாடிக்கையாளர் அன்பளிப்புக் கொடுத்தால் கணக்காய்வாளர் என்ன செய்ய வேண்டும் என்று கேள்வி. நல்ல மரத்துப் பழமா என்று கேட்க வேண்டும் என எழுதவில்லையென்று என்னிடம் சத்தியம் செய்தார். ஆனால் மறுத்தால் வரும் விபரீதங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். மறுபடியும் தேறவில்லை. முடிவு வந்த அன்று கையில் பிடித்திருந்த கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்துவைத்தார்.

"லண்டன்ல டுரியான் மரம் இருக்கா? இல்லல்ல? அப்புறம் அவங்களுக்கு ஒழுக்கத்தப் பத்தி என்னா தெரியும்!"

தோட்டத்துக்கு ஒரு மாலினி

ஒரு தோட்டத்துப் பிள்ளை கணக்குப் படிக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வருமான வரி ஃபாரம், சேமநிதிக் கடவுச்சொல், கல்விக் கடன் விண்ணப்பம், மோட்டார் இன்சூரன்ஸ் எல்லாம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன. ஒரு பெரியம்மா தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்தார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். நம்பர்தானே, நீதான் பார்க்கணும் என்று உட்கார்ந்துவிட்டார். பார்த்தேன். சர்க்கரை கூடுதல். அதைச் சொன்னதற்கு என்மேல் கோபம்.

இதன் உச்சம் கோயில் பொதுக்கூட்டம். எங்கள் தோட்டத்தில் கோயில் வரவுசெலவை ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். கூட்டத்துக்கு வராதவர்களும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டே எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் முடியும் தறுவாயில், வீராசாமி மாமா வாசித்து முடித்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கணக்காய்வாளர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். முழுத் தகுதி இன்னும் வரவில்லை, கடைசித் தாளின் முடிவு வர வேண்டும், பயிற்சிச் சான்றும் வேண்டும், அதற்கு முன்னால் அப்படிப் போடக்கூடாது மாமா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் பதில் ஒலிபெருக்கியில் வந்தது.

"அப்ப மூணு வருஷமா சிரம்பானுக்கு எதுக்குமா போற, ஆபீஸ் கூட்டவா?"

கேட்காத கேள்வி

கடைசித் தாளும் தேறினேன். மூன்று வருடமும் முடிந்தது. பயிற்சிப் பதிவை முதலாளியின் மேசையில் வைத்தேன். தங்கப் பேனாவைத் திறந்து, ஒரு பக்கம் விடாமல், அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அந்தப் படிப்பின் கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கையெழுத்து சரிதான், ஆனால் எங்கள் அலுவலகம் பயிற்சி கொடுக்கும் இடமாக அவர்களிடம் பதிவாகவில்லை என்றாள். கையெழுத்துப் போட்டவரே உங்கள் உறுப்பினர்தானே என்று கேட்டேன். அவர் உறுப்பினர், அலுவலகம் பயிற்சி நிலையம் இல்லை, அது வேறு இது வேறு என்றாள். அந்த மூன்று வருடம் சேராது. பதிவான ஓர் இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பரீட்சை எழுத யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அதனால் இத்தனை நாளும் யாரும் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.

முதலாளியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பதிவு செய்துகொண்டால் படிப்பு லீவு கொடுக்க வேண்டும், வருடா வருடம் ஆட்கள் வந்து சோதிப்பார்கள், சின்ன அலுவலகத்துக்கு அந்தத் தொந்தரவெல்லாம் எதற்கு என்று விளக்கினார். விளக்கம் தெளிவாக இருந்தது. என் பரீட்சைகளுக்கு நான் சொந்த லீவில்தான் போனேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, சார் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"நீர் கேக்கேல்லையே, பிள்ளை. கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பன்."

மீட்டர் ஓடாத வண்டி

வீட்டில் சொல்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அப்பா டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. எல்லாவற்றையும் அந்தக் காலிடம் சொன்னேன். பரீட்சை தேறியது உண்மை, வேலை பார்த்தது உண்மை, ஆனால் அந்த வருடங்களை அவர்கள் எண்ண மாட்டார்கள். சான்றிதழ் வேண்டுமானால் கோலாலம்பூரில், பதிவான அலுவலகத்தில், புதுசாகச் சேருகிறவளாகப் போய் நிற்க வேண்டும். அல்லது இங்கேயே முதலாளியின் மேசைக்கு எதிரில் குமரன் அண்ணனுக்குப் பக்கத்தில் கிழவியாகலாம்.

ஸ்பேனர் சத்தம் நின்றது. ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

"வண்டி ஓடியிருக்கு, மீட்டர் ஓடல. அவ்ளோதானே? மீட்டர் ஓடாத வண்டிதான் நல்ல வெலைக்குப் போகும், போய் நில்லு."

புது ஆள்

போய் நின்றேன். கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகம் எடுத்துக்கொண்டது. பதிவான இடம்தான்; இந்தத் தடவை முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன். விடியலில் சிரம்பான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில், இருட்டியபின் திரும்பும் ரயில். பதவி கடைசி வரிசை. எனக்கு மேலே காவ்யா என்று ஒரு பெண். என்னைவிட நான்கு வயது இளையவள், பிறந்து வளர்ந்தது தலைநகரில், மனதில் கள்ளமில்லாதவள்.

என் முதல் வெளிவேலை ஒரு செம்பனைத் தோட்டம். ஸ்டோர் எண்ணிக்கை. முந்தின நாள் காவ்யா என்னைக் கூட்டறைக்கு அழைத்து, உரமூட்டையின் படத்தைத் திரையில் காட்டினாள். இதற்குப் பெயர் உரம், இப்படி அடுக்கியிருப்பார்கள் என்று சொன்னாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். புது ஆள் குறிப்பெடுக்க வேண்டும். என் முகத்தில் எதையோ பார்த்துப் பயம் என்று நினைத்துவிட்டாள், கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்க அக்கா. எஸ்டேட்னா கொஞ்சம் அழுக்கா இருக்கும், ஆனா மனுஷங்க ரொம்ப நல்லவங்க லா."

மறுபடியும் மூட்டை

அந்தத் தோட்டம் தம்பின் பக்கம். போய் இறங்கியபிறகுதான் தெரிந்தது, நான் விழுந்த அதே ஸ்டோர். தோட்டம் ஒரு பெரிய கம்பெனிக்குக் கைமாறியிருந்தது. புதுக் கம்பெனியின் கணக்கை எங்கள் கோலாலம்பூர் அலுவலகம் பார்க்கிறது. மீ கோரேங் கிடையாது, தே தாரிக் கிடையாது. வாசலில் பாதுகாப்புத் தொப்பி கொடுத்தார்கள். அடுக்கின் மேல் ஏறினேன். இந்தத் தடவை காலால் தட்டித் தட்டி அடி வைத்தேன். நடுவில் பள்ளம் இல்லை. அறை இல்லை, நாற்காலி இல்லை. மூட்டை முழுவதும் மூட்டையாக இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணினேன். சரியாக இருந்தது.

கீழே மாரிமுத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அப்போதே எண்ணினீர்களே, மறுபடியும் எதற்கு என்று கேட்டார். அந்த எண்ணிக்கையும் என் பழைய வருடங்களும் சேராது என்று சொல்லிவிட்டார்கள், அண்ணே, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன் என்று நடந்ததைச் சொன்னேன். என் கதையைக் கேட்டவர்களில் சிரிக்காமலும் 'ஐயோ' என்று சொல்லாமலும் கேட்டவர் அவர் ஒருவர்தான். கழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டினார். வேலையில் சேர்ந்த தேதி என்று அதற்கு முந்தின வருடத்துத் தேதி ஒன்று இருந்தது.

"தோட்டம் கைமாறுனப்ப எங்களையும் புது ஆளாத்தான் சேத்தாங்க. எனக்கு இருவது வருஷம் சேரல, தங்கச்சி. ஒனக்கு மூணுதானே லா."

பட்டம்

இன்னொரு மூன்று வருடம் எண்ணப்பட்டது. இந்த ஆண்டு மார்ச் மாதம் சான்றிதழ் வந்தது. வீராசாமி மாமா அதை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். பெயருக்குப் பின்னால் வந்த எழுத்துகளை விரல்விட்டு எண்ணினார். வரியில் அடங்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கோயில் கணக்கை மறுநாளே கொண்டுவந்துவிட்டார். குமரன் அண்ணன் இன்னும் அந்த ஒரு தாளில்தான் நிற்கிறார். இந்தப் பருவத்து டுரியான் நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார்.

அவர்தான் அடுத்த மாதம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். சிரம்பானில் எங்கள் பழைய அலுவலகத்தின் மாடிப்படி, அதன் அடியில் புதிதாக ஒரு பதாகை. அண்ணனின் குரல்பதிவும் கூடவே வந்தது.

"மாலினி, மொதலாளி ஒன் மொகத்த எங்கேர்ந்தோ எடுத்துப் போட்டுட்டாரு. சிரிச்ச மாதிரி இருக்கு, நீ இங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லியே."

ஏப்ரல் பதினைந்தாம் தேதியிலிருந்து அந்த மாடிப்படியின் அடியில் 'எங்களிடம் பயிற்சி பெற்ற கணக்காளர்' என்ற வரியோடு என் படம் தொங்குகிறது; அலுவலகம் இன்னும் பதிவு செய்யப்படவில்லை.